சோதினை அண்ணனின் ஐந்தாம் கேள்வி

கைபேசி செய்கிற கம்பனிக்காரர்கள் இந்த உலகத்தில் ஒரேயொரு மனிதருக்குப் பயப்பட வேண்டுமென்றால், அந்த மனிதர் மட்டக்களப்பு வாவிக்கரையில், செட்டிபாளையத்தில் இருக்கிறார். கையில் கண்ணாடி வெடித்து, றப்பர் வளையம் போட்டுக் கட்டிய பழைய போன். மூக்குக்குக் கீழே வாயையே மூடி வளர்ந்த மீசை. இப்படி ஒருவர் இருப்பது அந்தக் கம்பனிகளுக்குத் தெரியாது. தெரியாதபடியால்தான் வருசம் தவறாமல் புதுப் போன் விட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

அவருக்கு வீட்டார் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சிட்டையில் பார்த்திருக்கிறேன், ஞாபகத்தில் நிற்கவில்லை. ஊருக்கும் கந்தோருக்கும் அவர் சோதினை அண்ணன். எங்கள் பக்கத்தில் பரீட்சையைச் சோதினை, அலுவலகத்தைக் கந்தோர் என்றுதான் சொல்வோம். வயல்களுக்குக் குளத்துத் தண்ணீர் திறக்கிற விசயங்களைக் கவனிக்கிற ஒரு சின்னக் கந்தோரில் அவர் மூத்த இலிகிதர். நான் பெரியகல்லாற்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அடுத்த மேசையில் இருந்தவள். ஏழு வருசம் இருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் புதுக்குடை ஒன்றோடு போனேன். அவர் வணக்கம் சொன்னார், குடையை வாங்கினார், நேரே பின்பக்கம் போய்த் தண்ணீர்க் குழாயின் கீழே விரித்துப் பிடித்தார். கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்து, கம்பி நல்லது, துணிதான் மூன்று மாரியைத் தாங்காது என்றார். இரண்டாவது மாரியிலேயே அது ஒழுகியது. கந்தோருக்குப் புதுப் பேனா வந்தால் பழைய பேனாவுக்கும் அதற்கும் போட்டி வைப்பார். எங்கள் பொறுப்பதிகாரிக்குச் சுழல்கதிரை வந்தபோது, அதிகாரி வருவதற்கு முன்னால் தானே இரண்டு மணித்தியாலம் அதில் இருந்து பார்த்து, எழுத்தில் ஒரு அறிக்கையும் கொடுத்தார். கதிரை திருப்தி, ஆனால் இதில் இருப்பவர் நேரத்துக்கு எழும்பமாட்டார் என்பது அதன் கடைசி வரி. அதிகாரி அதை வாசித்துவிட்டு அந்தக் கதிரையில் இருந்தபடியே அவரைக் கூப்பிட்டு ஏசினார். எழும்பவில்லை.

ஆனால் இதெல்லாம் சில்லறைச் சோதினைகள். வருடாந்தப் பெரிய சோதினை போனுக்குத்தான்.

அது தொடங்கியது காத்தான்குடியில் போன் கடை வைத்திருக்கிற காக்காவால். வெளியூர்க்காரர்கள் பறவையை நினைக்க வேண்டாம். அண்ணன் என்பதைக் காத்தான்குடியில் காக்கா என்பார்கள். நான் சேர்வதற்கு முன்பு ஒருநாள் சோதினை அண்ணன் உண்மையாகவே ஒரு போன் வாங்க அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். போன வருசத்துப் போனையும் இந்த வருசத்துப் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் என்ன புதுசு என்று கேட்டிருக்கிறார். எல்லாமே புதுசுதான் என்றாராம் காக்கா. சரி, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டிருக்கிறார். மூன்று மணித்தியாலம். மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கடைசியில் காக்கா, நீங்களே ஒருநாள் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள் என்று போனைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். தன் வாழ்க்கையில் செய்த பெரிய பிழை அதுதான் என்று காக்கா பிறகு எனக்குச் சொன்னார். ஒருநாள் என்று தொடங்கியது ஒவ்வொரு வருசமும் நாலு நாளாகிவிட்டது. நிறுத்தவும் முடியவில்லை. சோதினை அண்ணன் சித்தி, அதாவது பாஸ், என்று ஒரு சொல் சொன்னால் கந்தோர் முழுக்கவும் பாதி ஊரும் அந்தப் போனை வாங்கும் என்று காக்கா நம்பினார். அந்தச் சொல்லுக்காக அவர் காத்திருந்த காலத்தில் தாடி பாதி நரைத்துவிட்டது.

கேள்விகள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் இருபது மார்க்ஸ். எல்லாம் ஒரு நீட்டுக் கொப்பியில் கோடு போட்டு எழுதப்பட்டிருக்கும்.

முதலாவது, வெயில். நடு மத்தியானத்தில் வட்டைக்குப் போவார். பரந்த வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம், அங்கே ஒதுங்க ஒரு மரம் இருக்காது. வரம்பில் நின்று, போனை முகத்துக்கு நேரே பிடித்து, திரையில் உள்ளதைச் சத்தமாக வாசிப்பார். தூரத்தில் நிற்கிற கமக்காரர்கள் அவர் சூரியனைக் கும்பிடுகிறார் என்று நினைத்து, குழப்பாமல் சுற்றிப் போவார்கள்.

இரண்டாவது, உன்னிச்சைக் குளம். குளத்துக்கு அப்பால் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போகிற ஒரு இடம் அவருக்குத் தெரியும். கடமைக்காகப் போகிற நாளில் அங்கே நின்று எனக்குப் போன் எடுத்து, நெல்லினங்களின் பெயர்களை வேகமாக வாசிப்பார். எனக்குக் கேட்டதைக் கேட்டபடி நான் எழுத வேண்டும். பச்சைப்பெருமாளை நான் பிச்சைப்பெருமாள் என்று எழுதிய வருசம் போனுக்கு இரண்டு மார்க்ஸ் குறைந்தது. எனக்கும் குறைந்திருக்க வேண்டும். அந்த வருசம் முழுக்க முக்கியமான கடிதங்களை என்னிடம் தட்டச்சுக்குத் தரவில்லை.

மூன்றாவதுக்குப் பிறகு வருகிறேன். நாலாவது மீன் சந்தையில். மீன் வெட்டுகிற அக்காவிடம் போனைக் கொடுத்து, செதிள் ஒட்டிய ஈரக் கையால் அதைத் திறக்கச் சொல்வார். அந்த அக்கா வருசா வருசம் முயன்றுவிட்டு, இது என்னை மனிசியாகவே மதிக்கவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார்.

ஐந்தாவது கேள்விக்கு நேரே கொப்பியில் ஒரே சொல்தான் இருந்தது. வீடு. அந்த ஒரு சோதினைக்குச் சாட்சி கிடையாது. போனை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோவார். அடுத்த நாள் வந்து ‘வீடு’ என்பதற்கு நேரே பூச்சியம் போடுவார். வருசம் தவறாமல் பூச்சியம். தலையணைக்குக் கீழே வைத்து நித்திரை கொண்டு பார்க்கிறார் என்று ஒருவர் சொன்னார். சீரியல் பார்க்கிறார் என்று இன்னொருவர். கேட்டால் மீசையைத் தடவினார்.

மூன்றாவது கேள்விதான் எங்களுக்குத் திருவிழா. பின்னேரம் வெளிச்சம் சாய்கிற நேரம் வாவிக்கரைக்குப் போவார். கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் தண்ணீருக்குள் ஒரு கம்பு நிற்கும். அதில் நீர்க்காகம் வந்து செட்டையை விரித்துக் காயவிடும். அந்தக் காகத்தை, அதே இடத்தில் நின்று, அதே நேரத்தில் படம் பிடிப்பார். பிடித்ததை மட்டக்களப்பில் கொடுத்துப் பிரதி எடுத்துக் கொப்பியில் ஒட்டுவார்.

ஒரு வருசம் காக்கா பொறுமை இழந்து கந்தோருக்கே வந்துவிட்டார். இந்தமுறை கமெரா எங்கேயோ போய்விட்டது, கண் உள்ளவனுக்குத் தெரியும் என்றார். சோதினை அண்ணன் ஏழு படங்களைக் கொப்பியிலிருந்து கழற்றினார். பின்பக்கத்தில் வருசம் எழுதியிருந்தது. முன்பக்கத்தை மேலே வைத்து மேசையில் பரப்பி, இதில் இந்த வருசத்தது எது என்று கேட்டார்.

பொறுப்பதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, தெளிவான ஒன்றை எடுத்தார். அது மூன்று வருசத்துக்கு முந்தியது. நான் ஒன்றை எடுத்தேன், அது போன வருசத்தது. காக்கா இரண்டு படங்களைக் கையில் எடுத்து ஜன்னலோரம் போய், வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து ஒன்றை மேசையில் வைத்தார். நாலு வருசத்துக்கு முந்தியது. அந்தப் போனை விற்றவரும் அவர்தான்.

சோதினை அண்ணன் சிரிக்கவில்லை. ஏழு படத்தையும் அடுக்கிக்கொண்டே, போன வருசத்துப் பிள்ளை புதுச் சீருடை போட்டுக்கொண்டு வந்தால் புதுப் பிள்ளை என்று பதியலாமா என்று கேட்டார்.

காக்கா தோற்றுப் போகிற ஆள் இல்லை. அந்த ஏழில் மிகப் பழையதையும் மிகப் புதியதையும் மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாங்கள் எல்லாரும் குனிந்து பார்த்தோம். பழையதில் காகம் ஒரு கறுப்புத் துணிபோலத் தொங்கியது. புதியதில் ஒவ்வொரு இறகும் தெரிந்தது.

“அண்ணன், தினம் பாக்கிற தாய்க்குப் பிள்ளை வளர்றது தெரியா. கட்டாரில இருந்து அஞ்சு வருசத்துக்குப் பிறகு வாற மாமனுக்குத் தெரியும். நீங்க வருசா வருசம் பாத்தா என்னத்தைக் காணுற?”

சோதினை அண்ணன் அந்த இரண்டு படங்களையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு, அப்படியென்றால் மாமன் மாதிரி ஐந்து வருசத்துக்கு ஒருதரம் வாங்கினால் போதும்தானே என்று கேட்டார். காக்கா அன்றைக்கு எங்களோடு தேத்தண்ணீர் குடிக்காமல் போய்விட்டார்.

மாமன் என்று காக்கா சொன்ன வேளையோ என்னவோ, அடுத்த சில மாதத்தில் என் தம்பி கட்டாரிலிருந்து லீவில் வந்தான். எனக்கு ஒரு புதுப் போன் கொண்டுவந்தான். முதுகில் மூன்று கமெரா. சம்பளத்தில் மிச்சம் பிடித்து அக்காவுக்கென்று வாங்கியது. இரண்டு நாள் அதைக் கைக்குட்டையில் சுற்றித்தான் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பெருமை தாங்காமல் கந்தோருக்குக் கொண்டுபோனேன்.

சோதினை அண்ணன் பார்த்தவுடன் என் முகத்துக்கு முன்னால் கையை நீட்டினார். ஒரே ஒரு படம்தான், மூன்றாம் கேள்வி மட்டும், நீங்களும் கூட வாருங்கள் என்றார். பின்னேரம் வாவிக்கரைக்குப் போனோம். மூன்று கமெரா உள்ள போனுக்குக் கரையில் நின்று எடுப்பது மரியாதையில்லை என்று சொல்லி, அங்கே நின்ற ஒருவரின் தோணியில் ஏறிவிட்டார். நான் கரையில் நின்றேன்.

தோணி கம்புக்குக் கிட்டப் போனது. காகம் இவரைப் பார்த்தது. இவர் எழும்பி நின்றார். காகம் பறந்தது. பறக்கிற காகத்தோடு சேர்ந்து அவருடைய கையும் திரும்பியது, உடம்பும் திரும்பியது, தோணியும் திரும்பியது. என் தம்பியின் ஒரு வருச உழைப்பு ஒரு சின்னச் சத்தத்தோடு தண்ணீருக்குள் போனது.

நான் அப்படியே மணலில் குந்திவிட்டேன். சோதினை அண்ணன் சப்பாத்தோடு குதித்தார். தண்ணீர் இடுப்பளவுதான். தோணிக்காரர் பதறாமல், சேற்றைக் கலக்காமல் காலால் தடவுங்கள் என்று சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் முதலை நடமாட்டம் இருக்கிறது என்பதையும் அப்போதுதான் சொன்னார். சோதினை அண்ணன் தடவிக்கொண்டே அதற்குப் பதில் சொன்னார். முதலை வந்தால் தன்னைப் பார்க்க வேண்டாமாம், முதலில் போனை எடுத்து அந்தத் தங்கச்சியிடம் கொடுக்க வேண்டுமாம்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய முகம் மாறியது. குனிந்து, தாடை தண்ணீரில் முட்ட, போனை எடுத்தார். திரை எரிந்துகொண்டிருந்தது. சேறு வழிய வழியக் கரைக்கு வந்து என் முன்னால் நின்றார். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“உசிரோட இரிக்கி தங்கச்சி,” என்றார். “கேள்வித்தாளில இல்லாத விசயம். ஆனா செஞ்சிரிக்கி. என்ர பழைய போன் எண்டா இந்நேரம் செத்திருக்கும். மார்க்ஸ் குடுக்கத்தான் வேணும்.”

ஐந்து வருசத்துக்கு முன்னால் வந்த போன்களுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது என்று அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான் முதல்தரம். அந்தச் சந்தோசத்தை அனுபவிக்கிற நிலையில் நான் இருக்கவில்லை. காற்றில் வைத்துக் காயவிட்டுத் தருகிறேன், நாளைக்குச் சனிக்கிழமைதானே, வீட்டுக்கு வந்து வாங்குங்கள், ஏதாவது பழுது என்றால் புதுசு வாங்கித் தருவது என் பொறுப்பு என்று சொல்லிப் போனைக் கொண்டுபோனார்.

அப்படித்தான் நான் முதன்முதல் அவருடைய வீட்டுக்குப் போனேன்.

அவருடைய மனைவி மதி அக்கா தையல்காரி. கலியாணம் முடித்து மூன்றாம் வருசம் ஒரு கடும் காய்ச்சலில் அவருக்குக் காது போய்விட்டது என்பது கந்தோரில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். பேச்சு போகவில்லை. தன் குரல் தனக்குக் கேளாதபடியால் சில சொல் உரத்தும் சில சொல் மெல்லவும் வரும், அவ்வளவுதான். என்னை வெளிச்சத்துக்கு நேரே இருக்கச் சொன்னார். என் வாயசைவைப் பார்த்தே பெரியகல்லாற்றுக் கதை எல்லாம் கேட்டார். ஒரு சொல் தவறவில்லை.

ஊரில் எல்லாருடைய வாயையும் வாசிக்க முடியும், இந்த மனிசனின் வாயைத்தான் வாசிக்க முடியாது என்றார் மதி அக்கா. மீசை. எடுக்கச் சொன்னால் எடுக்கவும் மாட்டாராம். மீசைக்குக் கீழே அவர் முணுமுணுப்பது கேட்கிற எங்களுக்கே பாதிதான் விளங்கும்.

துணி வெட்டுகிற மேசையைப் பார்த்தேன். மேசை முழுக்கத் தையல் சோக்கால் எழுதிய எழுத்து. அரிசி முடிஞ்சுது. மாமா வந்தவர். கறன்ட் பில். எழுதி, அழித்து, மேலே மேலே எழுதி, பலகையே வெள்ளையாகிப் போயிருந்தது.

மேசையின் நடுவில் என் போன் நூல்பெட்டியில் சாய்ந்து நின்றது. சோதினை அண்ணன் அதற்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, சோதினை மண்டபத்தில் இருக்கிற பிள்ளையைப் போல நிமிர்ந்து இருந்தார். சொன்னதை அது தானாக எழுதிக் காட்டும், அதைத்தான் பார்க்கிறேன் என்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“மதி, நாளைக்கு வட்டைக்குப் போறன். வெள்ளாப்பில எழுப்பு.”

விடியும் முன் எழுப்பு என்பதுதான் அதற்குப் பொருள். போன் யோசித்தது. பிறகு எழுதியது: மதி நாளைக்கு வட்டிக்கு போறேன். வெல்லப்பாகில் எழுப்பு.

மதி அக்கா வாசித்தார்.

“ஆருக்கு வட்டிக்குக் குடுக்கப் போறீங்க? வெல்லப்பாகில எழுப்ப நீங்க என்ன பணியாரமா?”

நான் சிரித்துவிட்டேன். மதி அக்காவும் சிரித்தார். சோதினை அண்ணன் மட்டும் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பூச்சியம் போட்டார். அப்போதுதான் எனக்கு ஐந்தாம் கேள்வி விளங்கியது. வருசா வருசம் அவர் காக்காவின் போனை வீட்டுக்குக் கொண்டுவந்தது இதற்குத்தான். மற்ற நாலு கேள்வியும் இதைக் கேட்பதற்கு அவர் வைத்த சாட்டு.

இந்தப் போன்களுக்கு நம்முடைய தமிழ் தெரியாது என்று மதி அக்கா எனக்கு விளக்கினார். ஒரு வருசம் இவர் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர்களைப் போலப் பேசிப் பார்த்திருக்கிறார். போன் ஒரு பிழையும் விடாமல் எழுதியிருக்கிறது. வேண்டாம் என்று சொன்னவர் மதி அக்காதான். வாசிக்கிறபோது வேறு யாரோ ஒரு ஆம்பிளை வீட்டுக்குள் வந்து கதைப்பது போல இருந்ததாம்.

போனை வாங்கிக்கொண்டு வெளிக்கிடும்போது சோதினை அண்ணன் கேற்றுவரை வந்தார். மேசை முழுக்க எழுதியிருக்கிறீர்கள்தானே, அது போதாதா என்று நான் சும்மா கேட்டேன்.

“தேவையான கதையை எழுதலாம் தங்கச்சி,” என்றார். “அரிசி முடிஞ்சுது, பில் வந்திரிக்கி, அதெல்லாம் எழுதிப்போடலாம். தேவையில்லாத கதையை எப்பிடி எழுதுற?”



அதற்குப் பிறகு இரண்டு வருசம் போனது. இரண்டு பூச்சியம் விழுந்தது. மூன்றாம் வருசம் காக்கா ஒரு நடுத்தரப் போனைக் கொண்டுவந்து, தானே தலையைத் தொங்கப்போட்டபடி, இந்தமுறை பெரிதாக ஒன்றுமில்லை, நிறத்தைத்தான் மாற்றியிருக்கிறார்கள் என்று கொடுத்தார். வெயிலில் எட்டு மார்க்ஸ். உன்னிச்சையில் பன்னிரண்டு. மீன் சந்தை அக்கா வழமைபோலத் திட்டினார். காகம் போன வருசத்துக் காகம் போலவே இருந்தது.

திங்கட்கிழமை காலை சோதினை அண்ணன் பிந்தி வந்தார். ஏழு வருசத்தில் அவர் பிந்தி வந்து நான் கண்டதில்லை. மேசையில் இருந்து கொப்பியை விரித்தார். ‘வீடு’ என்பதற்கு நேரே, வரிசையாக விழுந்துகிடந்த பூச்சியங்களுக்குக் கீழே, பதினொன்று என்று எழுதினார். எழுதிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இருபதுக்குப் பதினொன்றுதானா என்று கேட்டேன். ஒன்பது மார்க்ஸுக்குப் பிழை விட்டிருக்கிறது, சுறா வறை என்ற கறியைச் சுறா வரை என்று எழுதியது என்றார். ஆனால் வட்டையை வட்டை என்றே எழுதியதாம். வெள்ளாப்பை வெள்ளாப்பு என்றே எழுதியதாம். கமெரா, கண்ணாடி, நிறம் எல்லாம் பழைய ஆள்தான், உள்ளே மூளை மட்டும் இந்தப் பக்கம் வந்து குடியிருந்துவிட்டுப் போயிருக்கிறது என்றார்.

“நேத்துப் பின்னேரம் ரெண்டு மணித்தியாலம் கதைச்சன் தங்கச்சி. ஒரு விசயமும் இல்ல. சும்மா கதைச்சன்.”

கூட்டிப் பார்த்தால் மொத்தம் ஐம்பதைத் தாண்டவில்லை. கொப்பியில் ‘சாதாரண சித்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு றப்பர் வளையம் போட்ட போனை எடுத்துக் காக்காவுக்கு அழைத்து, இந்தப் போனைத் திருப்பித் தரமாட்டேன், எனக்கே வேண்டும் என்றார். மறுபக்கத்தில் நெடுநேரம் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து அவர் இரண்டுதரம் ஹலோ சொன்னார். ஒரு மணித்தியாலத்தில் காக்கா பெரிய பாத்திரம் நிறைய வட்டிலாப்பம் என்ற தேங்காய்ப்பால் இனிப்போடு கந்தோருக்கு வந்து இறங்கினார். என்ன காரணத்துக்காகச் சித்தி என்று அவருக்குத் தெரியாது. சோதினை அண்ணனே தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். திரும்பி வந்த காக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வட்டிலாப்பத்தில் ஏலம் கொஞ்சம் கூடிவிட்டது என்று பொதுவாகச் சொன்னார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். அடுத்த புதன்கிழமை சோதினை அண்ணன் வழக்கமாக வீட்டிலிருந்து கட்டிவருகிற சாப்பாட்டுப் பார்சல் இல்லாமல் வந்தார். வியாழனும் இல்லை. வெள்ளிக்கிழமை அவர் கடைப் பணிஸைக் கடித்துக்கொண்டிருந்தபோது விசாரித்தேன்.

விசயம் இதுதான். மதி அக்காவுக்குக் காது போன காலம் தொட்டு அவர் வீட்டில் தன்பாட்டில் முணுமுணுக்கப் பழகிவிட்டார். கறியைப் பற்றி, கூரையைப் பற்றி, மதி அக்காவின் தங்கச்சியைப் பற்றி, வாயில் வந்ததை எல்லாம் மீசைக்குக் கீழே சொல்லிக்கொண்டு திரிவார். கேட்க ஆளில்லை. இப்போது ஆள் நூல்பெட்டியில் சாய்ந்து நின்றது. செவ்வாய்க்கிழமை இரண்டு வாய் சோறு சாப்பிட்டுவிட்டு, இந்த மனிசிக்கு உப்பு என்றால் என்னவென்று இன்னும் தெரியாது என்று முணுமுணுத்திருக்கிறார். போன் அதை ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் எழுதியது. மதி அக்கா வாசித்துவிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் காக்காவிடம் போய், இந்தப் போனின் காதைக் கொஞ்சம் மந்தமாக்க வழியிருக்கிறதா என்று கேட்டதாகவும் பிறகு தெரிந்தது. சித்தியடைந்த பிள்ளையைத் திரும்பக் கீழ் வகுப்புக்கு இறக்க ஏலாது என்று காக்கா சொல்லிவிட்டாராம். இத்தனை வருசமும் வாங்கிய பூச்சியங்களுக்கெல்லாம் சேர்த்து அந்த ஒரு பதிலில் அவர் கணக்கைத் தீர்த்துவிட்டார்.

நான் மதி அக்காவைப் பார்க்கப் போனேன். சமாதானம் பேசத்தான். அவர் மெசினை நிறுத்தாமலே சொன்னார்.

“இவ்வளவு காலமா மனிசன் என்னைப் பத்தி நல்லதாத்தான் ஏதோ சொல்லித் திரியிறார் எண்டு நினைச்சன். மீசை அசையக்க அப்பிடித்தான் தெரிஞ்ச.”

கோபமாகத்தான் தொடங்கினார். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்து, ஊசி வேறு பக்கம் ஓடி, ஒரு பாடசாலைச் சட்டையின் கழுத்து கோணலாகிவிட்டது. திங்கட்கிழமை பார்சல் வந்தது. உப்புத் தூக்கலாக இருந்தது என்று நினைக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்துவிட்டு மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தார்.

பிறகு எனக்குத் திருகோணமலைக்கு இடமாற்றம் வந்தது. போன மாதம் லீவில் ஊருக்கு வந்தபோது செட்டிபாளையத்தில் இறங்கினேன். கேற்றுக்குக் கிட்ட வரும்போதே அவருடைய குரல் கேட்டது. முற்றத்து நிழலில் மதி அக்கா மெசினில் இருந்தார். சோதினை அண்ணன் எதிரே கதிரையில் இருந்து, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி, பஸ்ஸில் பலாப்பழத்துக்கும் ஒரு டிக்கெட் எடுத்து ஜன்னல் சீட்டில் இருத்திக்கொண்டு வந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கொண்டக்டர் பழத்தை எழும்பச் சொன்னாராம். மதி அக்கா தைத்துக்கொண்டே இடைக்கிடை திரையைப் பார்த்தார். ஒரு இடத்தில் மெசினை நிறுத்தி, நேற்றுச் சொல்லும்போது அது பூசணிக்காயாக அல்லவா இருந்தது என்று கேட்டார். போன் பிழையாக எழுதியிருக்கும் என்று அவர் கூசாமல் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தார்.

நான் கேற்றில் கை வைத்தபடி நின்றேன். பழம் எழும்பியதா இல்லையா என்று தெரியாமல் உள்ளே போய் அந்தக் கதையைக் குழப்ப எனக்கு மனம் வரவில்லை.